அடையாளம் கெடாமல் மாறுவது எப்படி: நீண்டகாலக் கணினி விளையாட்டுத் தொடர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கணினி விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் செய்வது ஒப்பீட்டளவில் இலகுவான வேலை. முதலாம் பாகத்தில் காசும் காலமும் போதாமல் விடுபட்டவற்றைச் சேர்த்து, குறைகளைத் திருத்தினாலே ஆட்டக்காரர்கள் திருப்தியடைந்துவிடுவார்கள். நெருக்கடி நான்காம், ஐந்தாம் பாகங்களில்தான் வருகிறது. அதற்குள் தொடருக்குப் பத்துப் பதினைந்து வயதாகியிருக்கும். அதைச் சிறுவயதில் விளையாடியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். முதலாம் பாகத்தைச் செய்தவர்களிற் பலர் நிறுவனத்தை விட்டே விலகியிருப்பார்கள். மாற்றாமல் விட்டால் அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்பார்கள். மாற்றினால் இது அந்த விளையாட்டே இல்லை என்பார்கள். இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் மென்பொருள் படிக்கிறவர்களையும், மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ வீட்டிலிருந்தபடி ஒரு பழைய மடிக்கணினியில் யூனிட்டி, கோடோ போன்ற விளையாட்டு உருவாக்கும் கருவிகளைத் தாமாகவே பழகுகிறவர்களையும் மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பெருநிறுவனங்களின் தொடர்களிலிருந்தே பாடங்களை எடுக்கிறோம். ஆனால் அவற்றைச் செய்துபார்க்க நமக்கென்று ஒரு சிறு உதாரணம் வேண்டும் என்பதால், இல்லாத ஒரு தொடரை உருவாக்கிக்கொள்வோம். அதற்கு ‘நீர்ப்பங்கு’ என்று பெயர் வைப்போம்.

நீர்ப்பங்கின் முதலாம் பாகம் கைத்தொலைபேசியில் ஓடும் எளிய இருபரிமாண விளையாட்டு. ஆட்டக்காரர் வன்னியில் ஒரு சிறிய குளத்தின் கீழுள்ள கமக்காரர் அமைப்பின் தலைவர். மாரி ஓய்ந்து சித்திரை நெருங்கும்போது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அவர் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். கூட விதைத்தால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசு வறண்டுபோகும். குறைத்து விதைத்தால் பங்கு கிடைக்காத குடும்பங்கள் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கும். விளையாட்டு அவ்வளவுதான். இது நன்றாகப் போய், இரண்டாம் பாகமும் வந்து, இப்போது மூன்றாம் பாகம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதற்படி: அடையாளம் எதுவென்று எழுதிக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஆட்டக்காரர் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவு எது? அந்த முடிவை எடுக்கும்போது அவர் எதை இழந்துவிடுவோமென்று பயப்படுகிறார்? அந்த நேரத்தில் அவருடைய கை என்ன செய்கிறது? கதாநாயகனின் பெயர், ஊரின் பெயர், கமெரா நிற்கும் இடம், படத்தின் பாணி ஆகிய எதுவும் இந்தத் தாளில் வரக் கூடாது. அவையும் முக்கியமானவைதான். ஆனால் கண்ணுக்கு முதலில் படுகிறவை அவையே என்பதால், அவற்றை எழுத விட்டால் தாள் முழுவதும் அவைதான் நிரம்பும்.

இந்தத் தாளின் பெறுமதியை விளங்கிக்கொள்ள ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டுத் தொடரைப் போலொரு நல்ல சான்று வேறில்லை. 1996இல் பிளேஸ்டேசனுக்கு வந்த முதலாம் பாகத்தில் கமெராக்கள் அறையின் மூலைகளில் அசையாமல் நின்றன. அறைகளின் பின்னணிப் படங்கள் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்டிருந்ததால் கமெராவை விரும்பியபடி நகர்த்த வழியிருக்கவில்லை. ஆனால் அந்தக் குறையிலிருந்தே தொடரின் அச்சம் பிறந்தது. மூலைக்கு அப்பால் என்ன நிற்கிறது என்பது காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அசையாத கமெராதான் ரெசிடென்ட் ஈவிலின் உயிர் என்று பலர் நம்பியதில் ஆச்சரியமில்லை.

2005 ஜனவரியில் வந்த நான்காம் பாகம் அந்தக் கமெராவைத் தூக்கி வீசிவிட்டு, ஆட்டக்காரரைக் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் நிறுத்தியது. இதைச் செய்ய நிறுவனம் பலமுறை முயன்றது. இடையில் உருவான ஒரு வடிவம் தொடரிலிருந்து மிகவும் விலகிப்போனதால், 2001இல் டெவில் மே க்ரை என்ற தனித் தொடராகவே பிரிந்துபோனது. முடிவாக வந்த நான்காம் பாகத்தில் கமெரா புதிது, எதிரிகள் புதியவர்கள். ஆனால் குறிபார்க்கும்போது நடக்க முடியாது. எதிரி கிட்ட வருகிறான். சுடுவதா, திரும்பி ஓடுவதா என்று ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும். பெட்டியிலிருக்கும் குண்டுகளை மனம் எண்ணிக்கொண்டேயிருக்கும். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் முதலாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். பதில்கள் ஏறத்தாழ ஒன்றாகவே வரும்.

2012இல் வந்த ஆறாம் பாகத்தில் லியோன், கிறிஸ் என்ற பழைய பெயர்கள் எல்லாம் இருந்தன. கார்த் துரத்தல்களும் வெடிப்புகளும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. என் கணிப்பில் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டிய பயம் மட்டும் இருக்கவில்லை. 2017இல் ஏழாம் பாகம் வந்தபோது கமெரா மறுபடியும் மாறி, கதாநாயகனின் கண்களுக்குள்ளேயே போய்விட்டது. கதாநாயகனோ யாருக்கும் அறிமுகமில்லாத ஈதன் என்ற சாதாரண ஆள். ஆனாலும் பூட்டிய கதவுகளும், எங்கேயோ ஒளிந்திருக்கும் சாவிகளும், இடம் போதாத பையும், உள்ளே வந்தால் மூச்சுவிடலாம் என்றிருக்கும் பாதுகாப்பு அறைகளும் ஒரே வீட்டுக்குள் திரும்பி வந்தன. தொடரின் பழைய இரசிகர்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்து சற்று நேரத்திலேயே தாங்கள் எங்கே வந்திருக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. ஃபைனல் ஃபான்டசி 1987இலிருந்து, ஒவ்வொரு எண்ணுள்ள பாகத்துக்கும் பெரும்பாலும் புதிய உலகத்தையும் புதிய ஆட்களையும் வைத்து வந்திருக்கிறது. சண்டை முறையும் மாறிக்கொண்டே வந்து, 2023இல் வெளியான பதினாறாம் பாகத்தில் முழுமையான அதிரடி ஆட்டமாகிவிட்டது. அங்கே ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவோம் என்பதே ஆட்டக்காரருக்குக் கொடுத்த வாக்கு. பெரும்பாலான பாகங்களில் திரும்பி வரும் சோக்கோபோப் பறவையும் சிட் என்ற பெயரும் அந்த வாக்கின் முத்திரைகள். இப்படியொரு வாக்கை முதலிரண்டு பாகங்களிலேயே கொடுத்திருந்தால்தான் பின்னர் அது செல்லும். ஐந்தாம் பாகத்தில் திடீரென்று கொடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

நீர்ப்பங்குக்கான தாளில் என்ன எழுதுவோம்? கண்ணெதிரே இருக்கும் தண்ணீரை, வருமோ வராதோ என்று தெரியாத மழையை நம்பிப் பங்கிடுவதுதான் முடிவு. தன் கணக்குப் பிழைத்து இன்னொருவரின் வயல் கருகுவதுதான் பயம். கை செய்வது துருசைத் திறப்பதும் மூடுவதும். குளத்தின் பெயரோ, நெல்லின் நிறமோ, கமக்காரர்களின் முகங்களோ அதில் இல்லை.

இரண்டாம் படி: மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு நாகரிகத்தைக் கட்டியெழுப்பும் சிவிலைசேசன் தொடரைச் செய்கிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. புதிய பாகத்தில் மூன்றிலொரு பங்கு பழையதாக இருக்க வேண்டும், மூன்றிலொரு பங்கு திருத்தப்பட்டதாக இருக்க வேண்டும், மீதி முற்றிலும் புதியதாக இருக்க வேண்டும். 1991இல் சிட் மையர் தொடக்கிய இந்தத் தொடர் 2010இல் ஐந்தாம் பாகத்துக்கு வந்தபோது, சதுரக் கட்டங்களை அறுகோணங்களாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்று விதித்தது. போரின் முழு இயல்பும் மாறியது. இன்னும் ஒரு முறை ஆடிவிட்டுப் படுப்போம் என்று விடியும்வரை இருத்திவைக்கும் குணம் மாறவில்லை. 2025 பெப்ரவரியில் வந்த ஏழாம் பாகம் ஒரு யுகம் முடிந்து அடுத்த யுகம் தொடங்கும்போது ஆட்டக்காரரின் நாகரிகத்தையே மாற்றச் சொன்னது. கற்காலத்திலிருந்து விண்வெளிவரை ஒரே மக்களைக் கொண்டுபோவதைத்தான் தொடரின் உயிர் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது கசந்தது. கணக்குச் சரியாக இருந்தாலும், புதியதற்கான பங்கு தாளில் எழுதிய பகுதியைத் தொட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே இந்தக் கணக்கைப் பின்பற்றும்போது முதற்படித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பங்கில் துருசும் கூட்டமும் பழையவை. திருத்த வேண்டியது நெல்: முன்பு ஒரேயொரு நெல்தான் இருந்தது, இனி மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்று தெரிவு செய்யலாம். அந்தப் பதினைந்து நாள் வித்தியாசம் தண்ணீர்க் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதியதாக யானைகள் வரட்டும். கோடையில் குளத்தைத் தேடி வரும் யானையை மறிக்க வேலி போடுவதா, அந்தக் காசில் வாய்க்காலைத் திருத்துவதா என்ற கேள்வி பழைய முடிவோடு இயல்பாகவே பொருந்துகிறது.

இந்த இடத்தில் குழுவில் ஒருவர், முப்பரிமாணத்தில் லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தை ஓட்ட விடுவோம் என்பார். கட்டாயம் ஒருவர் சொல்வார். அது பார்க்க நன்றாக இருக்கும், விளம்பரத்துக்கும் உதவும். ஆனால் லான்ட்மாஸ்டர் ஓட்டுகிறவருக்குத் தண்ணீரைப் பற்றிய பயம் இல்லை. ஆட்டக்காரரின் நேரத்தில் பாதி அதில் போய்விட்டால் நம் கையில் மிஞ்சுவது வேறொரு விளையாட்டு. அதை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் படி: பெரிய மாற்றத்தைச் சிறிய இடத்தில் பரீட்சியுங்கள்

த லெஜன்ட் ஒஃப் செல்டா தொடர் 1986இல் தொடங்கியபோது ஆட்டக்காரரை ஒரு வெளியில் நிறுத்தி, எங்கே போவதென்று அவரையே கண்டுபிடிக்க விட்டது. 1998இல் வந்த ஒக்கரினா ஒஃப் டைம் தொடரை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்ததோடு ஒரு நல்ல வார்ப்பையும் ஏற்படுத்தியது: ஒரு நிலவறைக்குள் போ, ஒரு கருவியை எடு, அந்தக் கருவியால் அடுத்த பாதையைத் திற. அந்த வார்ப்பு அடுத்துவந்த பாகங்களில் இறுகிக்கொண்டே போய், 2011இல் ஸ்கைவோர்ட் சுவோர்டில் ஆட்டக்காரரின் கையைப் பிடித்து நடத்துமளவுக்கு வந்துவிட்டது.

இதை உடைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா முடிவெடுத்தார். அவர்கள் அதை எப்படி உடைத்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். ஒரே பாய்ச்சலில் அல்ல. 2013இல் நின்டென்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு ஏ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ் என்ற சிறிய பாகம் வந்தது. அதில் கருவிகளை ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நிலவறைகளில் பெரும்பாலானவற்றை விரும்பிய ஒழுங்கில் முடிக்கலாம். ஒழுங்கை எடுத்துவிட்டாலும் அது செல்டாவாகத்தான் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை, பெரும் செலவில்லாமல் அங்கே கிடைத்துவிட்டது.

பிறகு பிரெத் ஒஃப் த வைல்ட் என்ற பெரிய பாகத்தைத் தொடங்கியபோதும், மரத்தை எரிப்பது, பொருட்களைத் தண்ணீரில் மிதக்கவிடுவது போன்ற புதிய விதிகளை, 1986 விளையாட்டைப் போலவே தோன்றும் ஓர் இருபரிமாண மாதிரியில் முதலில் ஓட்டிப்பார்த்தார்கள். 2017இல் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அந்த மாதிரியையே காட்டினார்கள். சிறிய வாளோடு ஒரு சின்ன உருவம், பச்சைத் தரை, சதுர மரங்கள். தீயம்பு பட்டால் மரம் எரிகிறது. பார்ப்பதற்கு ஒரு மாணவனின் செயற்றிட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் உலகின் பொருட்கள் ஒன்றோடொன்று எப்படி வினைபுரிய வேண்டும் என்ற கேள்வியை அவர்கள் அங்கேயே சோதித்துக்கொண்டார்கள்.

நம் லான்ட்மாஸ்டர் யோசனையையும் இப்படியே நடத்துங்கள். முப்பரிமாண மாதிரி வேண்டாம். பழைய இருபரிமாண வரைபடத்தில் ஒரு சதுரத்தை லான்ட்மாஸ்டர் என்று வைத்து, அதை ஆட்டக்காரர் நகர்த்தட்டும். முதலாம் பாகத்தை நன்கு விளையாடியவர்கள் சிலரை அழைத்து இருத்தி, விளையாட்டின் பெயரைச் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் நீர்மட்ட அளவுகோலை எப்போது திறந்து பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பழைய பாகத்தில் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தன்பாட்டில் அந்த அளவுகோலுக்குப் போய்வரும். புதிய மாதிரியில் சதுரத்தை ஓட்டிக்கொண்டே அளவுகோலை மறந்துவிட்டார்களென்றால் அந்த யோசனை இந்தத் தொடருக்குரியது அல்ல. மறக்காமல், ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் துருசைப் பார்க்க ஓடுகிறார்களென்றால் தாராளமாகச் சேர்க்கலாம். அவர்களிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். நம்மவர்கள் முகத்துக்கு நேரே நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள்.

நான்காம் படி: ஒத்துவராததை நேரத்தோடு கைவிடுங்கள்

டூம் தொடரின் நான்காம் பாகம் 2008இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகள் வேலை நடந்தது. செய்யப்பட்டது கெட்ட விளையாட்டல்ல. அந்தக் காலத்தில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த இராணுவச் சுடும் விளையாட்டுகளைப் போல இருந்தது. அதுவே அதன் நோய். அதை நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கி 2016இல் வெளியிட்ட டூமில், குண்டு நிரப்புவதற்காக நிற்கத் தேவையில்லை. உயிர் குறைந்தால் சுவரின் பின்னால் ஒளிந்திருந்தும் பயனில்லை. எதிரிக்கு மிக நெருங்கிச் சென்று அவனை முடித்தால் உயிர் திரும்பும். 1993இன் முதலாம் பாகத்தில் இந்த விதி இருந்ததில்லை. ஆனால் முதலாம் பாகத்தின் நிற்காத ஓட்டத்தை, அதே விதி இன்றைய ஆட்டக்காரரிடமிருந்து வலிந்து வாங்கிக்கொள்கிறது. பழையதை நகலெடுக்காமல், பழையது ஏற்படுத்திய நடத்தையைப் புதிய விதியால் ஏற்படுத்தியிருக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பழகிய கைகளுக்கு வழி விடுங்கள்

சுருக்கமாகச் சொல்லக்கூடிய படி இது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் விசேட அடிகளுக்கு நெம்புகோலைச் சுழற்றிப் பொத்தானை அழுத்த வேண்டும். புதியவர்களை அந்தச் சுழற்றல் விரட்டியடித்தது. 2023இல் வந்த ஆறாம் பாகம் ஒரே பொத்தானில் விசேட அடி வரும் நவீன முறையைச் சேர்த்து, அப்படி அடித்தால் சேதம் சற்றுக் குறையும் என்று வைத்தது. பழைய முறையும் அப்படியே இருக்கிறது. இருசாராரும் ஒரே மேடையில் மோதலாம்.

2018இல் வந்த கோட் ஒஃப் வோர் வேறு வழியில் போனது. தூரத்திலிருந்த கமெரா தோளுக்கு வந்தது, கிரேக்கம் போய் நோர்ஸ் நாடு வந்தது, ஆயுதம் கோடரியானது, விரும்பியபடி குதிக்கும் பொத்தான்கூட இல்லாமற் போனது. பழைய சங்கிலி வாள்களோ கதை பாதிவழி போன பின்னர்தான் கிடைக்கின்றன. தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் கோடரியை யாரும் பழகியிருக்கமாட்டார்கள். கொடுக்காமலே விட்டிருந்தால் பழையவர்கள் மன்னித்திருக்கமாட்டார்கள். நீர்ப்பங்கில் துருசைத் திறக்கும் அசைவை மாற்ற நேர்ந்தால் பழைய அசைவையும் அமைப்புகளில் விட்டுவையுங்கள். அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.

ஆறாம் படி: மாற்றாமல் சேர்த்து வளர்வதையும் யோசியுங்கள்

எல்லாத் தொடர்களுக்கும் புதிய எண் தேவைப்படுவதில்லை. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸின் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. அதன் பிறகு மூன்றாம், நான்காம் பாகங்கள் வந்தபோதும் இரண்டாம் பாகத்தை விளையாடுகிறவர்கள் குறையவில்லை. 2019இல் அது புதுப்பிக்கப்பட்டு, பின்னர் புதிய நாகரிகங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற நாகரிகம் சேர்ந்தது. சுருள்வாள் வீரர்களும் திரிசடை என்ற போர்க்கப்பலும் அவர்களுக்கென்றே உள்ள படைகள். இராசேந்திர சோழனின் கதையும் ஒரு தனிப் படையெடுப்பாக வருகிறது. காலாட்படையிலும் கடற்படையிலும் பலம், குதிரைப்படையில் பலவீனம். தமிழ் ஆட்டக்காரர்கள் அந்தப் பெயர்களைத் திரையில் கண்டபோது அடைந்த குதூகலத்தை ஒருபுறம் வைப்போம். விளையாட்டு உருவாக்குகிறவர் கவனிக்க வேண்டியது வேறு: மரம், உணவு, பொன், கல் என்ற நான்கு வளங்களும், நான்கு யுகங்களும், ஊர்மக்களை ஏவி வேலைவாங்கும் முறையும் 1999இல் இருந்தபடியே இருக்கின்றன. அந்த அத்திவாரத்தின் மேல் எத்தனை அறைகளும் கட்டலாம்.

நீர்ப்பங்கின் மூன்றாம் பாகத்துக்குப் பதிலாக முதலாம் பாகத்திலேயே புதிய குளங்களைச் சேர்த்தால் என்ன? வன்னியில் குளங்களுக்கா பஞ்சம்? மேட்டில் ஒரு குளம், அதன் கீழ் இன்னொன்று. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் வரும் என்று ஓர் அமைப்பைச் சேர்த்துப் பாருங்கள். விதிகள் எதையும் மாற்றாமலே, இரண்டு ஊர்களுக்கிடையிலான பேச்சுவார்த்தை விளையாட்டுக்குள் வந்துவிடும்.

ஏழாம் படி: பெயரைப் பற்றி

பெயருக்காக அதிகம் மினக்கெட வேண்டாம். 1993இலிருந்து ஃபிஃபா என்ற பெயரில் வந்த தொடர் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் 2023இல் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24 ஆனது. ஆட்டக்காரர்கள் இன்னும் ஃபிஃபா அடிப்போமா என்றுதான் கேட்கிறார்கள். விரல்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இதே காலத்தில் அதன் போட்டித் தொடரான புரோ எவலூசன் சொக்கரும் பெயரை மாற்றி, 2021இல் ஈஃபுட்போல் என்று இலவசமாக வந்தது. அங்கே பெயரோடு ஆட்டமும் அரைகுறையாக வந்ததால் பெருங்கேலிக்கு உள்ளாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. முதற்படித் தாளில் உள்ளது சரியாக இருந்தால் பெயர் மாறினாலும் தாங்கும்.

எட்டாம் படி: பழைய பாகத்தைப் பறிக்காதீர்கள்

தொடர் முன்னேறும்போது இயந்திரமும் முன்னேற வேண்டியிருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் இன்னொரு விளையாட்டின் மேல் இரசிகர்கள் கட்டிய இணைப்பாகப் பிறந்த அது, குண்டை வைப்பதும் செயலிழக்கச் செய்வதும், சுற்றுக்குச் சுற்றுக் காசைக் கணக்குப் பார்த்துத் துப்பாக்கி வாங்குவதுமாகிய அதே ஆட்டத்தை இன்றுவரை காப்பாற்றி வந்திருக்கிறது. 2023 செப்ரெம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது டஸ்ட் 2 களத்தின் வழிகள் பழையவர்களுக்கு மனப்பாடமாகவே இருந்தன. புகைக்குண்டின் புகை மட்டும் இப்போது சன்னம் பாய்ந்தால் விலகுகிறது. அடையாளத்தைப் பொறுத்தவரை அது மிக நேர்த்தியான மாற்றம். ஆனால் புதியது, முந்தைய பாகமான குளோபல் ஒஃபென்சிவின் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. டைரக்ட்எக்ஸ் 9 என்ற பழைய வரைகலை மென்பொருளோடு நின்றுவிட்ட கணினிகளுக்கும் 32 பிட் இயங்குதளங்களுக்கும் மக் கணினிகளுக்கும் ஆதரவு நின்றுபோனது. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த கணினியில் விளையாடுகிற ஒருவருக்கு அந்த நாளில் விளையாட்டு மாறவில்லை, இல்லாமற் போனது.

பழையதைப் புதியதால் மூடிய வேறு தொடர்களும் இதே வசையைக் கேட்டன. 2020இல் வோர்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டபோது பழைய பதிப்பை வைத்திருந்தவர்களின் கணினியிலும் புதிய நிரலே இறங்கியது. 2021இல் வைஸ் சிற்றி உள்ளிட்ட மூன்று கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ பாகங்களின் புதுப்பதிப்பு வருவதற்கு முன்னர் பழையவை இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. புதியவை வழுக்களோடு வந்து சேர்ந்ததும், கணினிக்கான பழைய பதிப்புகளை நிறுவனம் தன் கடையில் மீண்டும் வைக்க நேர்ந்தது. அந்தப் பழைய வைஸ் சிற்றி எங்கள் பக்கத்தில் எத்தனை பென்ட்ரைவ்களில் ஊர் சுற்றியிருக்கிறது என்பதை யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வன்னியில் இருந்து செய்கிறவர்களுக்கு இந்தப் படி மற்றவர்களைவிட முக்கியம். நம் ஆட்டக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் அக்காவோ அண்ணாவோ மாற்றிவிட்டுக் கொடுத்த தொலைபேசி. டேட்டாவை அளந்துதான் பாவிக்கிறார். 2022இல் நாளொன்றில் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் போன நாட்களை அவர் மறக்கவில்லை. ஆகவே நீர்ப்பங்கின் மூன்றாம் பாகம் தனி நிரலாக வரட்டும், முதலாம் பாகம் கடையிலேயே இருக்கட்டும். இணையம் இல்லாமல் விளையாட முடிந்த ஒன்றை அடுத்த பாகத்தில் இணையம் இல்லாமல் திறக்கவே முடியாததாக ஆக்கினால், கமெராவை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தவர்களாகிறோம். தாளில் எழுதாத ஓர் அடையாளமும் உண்டு: அது யாருக்குக் கிடைக்கிறது என்பது.

ஒன்பதாம் படி: வெளியிட்ட பிறகு முறைப்பாடுகளைப் பிரித்துப் பாருங்கள்

செல்டாவின் த விண்ட் வேக்கர் 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளிவருவதற்கு முன்பே பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. கார்ட்டூன் போலிருந்த படப்பாணிதான் காரணம். விளையாடிய பின்னர் எதிர்ப்புப் படிப்படியாக அடங்கி, இன்று தொடரின் அழகான பாகங்களில் ஒன்றாக அது போற்றப்படுகிறது. பிரெத் ஒஃப் த வைல்டைப் பற்றியோ வேறு விதமான முறைப்பாடு வந்தது. நெடுநேரம் விளையாடியவர்களே, பழைய பாணியிலான பெரிய நிலவறைகள் இல்லாததை ஒரு குறையாகச் சொன்னார்கள். 2023இல் வந்த டியர்ஸ் ஒஃப் த கிங்டம் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் வகையில், தனித்தனித் தோற்றமும் பெருங்காவலர்களும் உள்ள கோயில்களைக் கொண்டுவந்தது. முதலாவது முறைப்பாடு பார்த்தவர்களிடமிருந்து வந்தது, இரண்டாவது விளையாடியவர்களிடமிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒரே எடை போடக் கூடாது.

நடைமுறையில் இதற்கு இரண்டு கோவைகள் போதும். படம், பாட்டு, பெயர், முகங்கள் பற்றி வரும் குறைகள் ஒரு கோவையில் போகட்டும். முதற்படித் தாளிலுள்ள மூன்று பதில்களில் ஏதாவதொன்றைத் தொடும் குறைகள் மற்றக் கோவையில் போகட்டும். முதற் கோவையைக் காலபோகமும் சிறுபோகமுமாக விளையாட்டுக்குள்ளேயே இரண்டு முழுப் போகங்களை ஆட்டக்காரர்கள் முடிக்கும்வரை திறக்க வேண்டாம். அதிலுள்ளவற்றிற் பெரும்பகுதி அதற்குள் தானாகவே தணிந்துவிடும். இரண்டாம் கோவையில் ஒரேயொரு கடிதம் இருந்தாலும் அன்றே எடுத்துப் பாருங்கள். துருசைத் திறக்கும்போது முன்பிருந்த பயம் இப்போது வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தால், மழையின் நிகழ்தகவை எங்கேயோ தாராளமாக வைத்திருக்கிறீர்கள். நிரலைத் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள்.